கெல்லியா, யூ.டி. டாலஸா? வெளிமாநில பிசினஸ் பட்டத்தின் கணக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டெக்சஸில் டாலஸை ஒட்டிய பிளேனோவில் குடியிருப்பவர். உங்கள் மகள் 2026 ஃபாலில் கல்லூரி சேர்கிறாள். அவள் கையில் மூன்று இடம் இருக்கிறது. முதலாவது, இண்டியானா பல்கலைக்கழகத்தின் ப்ளூமிங்டன் வளாகத்தில் கெல்லி பிசினஸ் ஸ்கூல். எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 60,000 டாலர், அதில் 8,000 டாலர் மெரிட் உதவித்தொகை கழியும். இரண்டாவது, வீட்டுக்குப் பக்கத்திலேயே ரிச்சர்ட்சனில் யூ.டி. டாலஸின் (டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம்) ஜிண்டால் பிசினஸ் ஸ்கூல். டியூஷனும் ஃபீஸும் ஆண்டுக்கு 16,000 டாலர். மூன்றாவது யூ.டி. ஆஸ்டின். ஆனால் அங்கே மெக்கோம்ப்ஸ் பிசினஸ் ஸ்கூல் கிடைக்காமல் எகனாமிக்ஸ் கிடைத்திருக்கிறது. தங்கிப் படித்தால் ஆண்டுக்கு 33,000 ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். 529 கணக்கில் (கல்விச் செலவுக்கென வரிச்சலுகையோடு சேமிக்கும் கணக்கு) 90,000 டாலர் இருக்கிறது. குடும்ப வருமானம் 170,000. மாதச் சம்பளத்தில் 1,000 டாலர் ஒதுக்க முடியும். மகன் எட்டாம் வகுப்பு. மகள் பைனான்ஸா மார்க்கெட்டிங்கா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. “கெல்லி ரேங்கில் மேலே இருக்கிறது, கடன் வாங்கியாவது அனுப்பலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரேங்க்கைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். டெக்சஸை விட்டு வெளியே போவதற்குக் கொடுக்கப்போகும் கூடுதல் பணம் மொத்தம் எவ்வளவு, அந்தப் பணம் உங்கள் மகளுக்கு எதை வாங்கித் தரும், அந்தப் பணத்தை யார் எப்போது கட்டுவார்கள் என்பதைப் பார்த்தால்தான் பதில் வரும். பெற்றோருக்குக் கல்லூரிச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுப்பதே என் வேலை என்பதால் எண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

கெல்லிக்கு 52,000-ஐ நான்கால் பெருக்கி 208,000 என்று போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். கல்லூரிச் செலவு ஆண்டுதோறும் ஏறும், உதவித்தொகை ஏறாது. முதல் ஆண்டு கொடுத்த அதே 8,000-தான் நான்காம் ஆண்டிலும் வரும். செலவு ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 60,000, பிறகு 61,800, 63,650, 65,560 என்று போய் மொத்தம் 251,000 வரும். உதவித்தொகை 32,000-ஐக் கழித்தால் 219,000. யூ.டி. டாலஸில் நேர்மாறு. அங்கே சேரும் ஆண்டின் டியூஷன் விகிதத்தையே நான்கு ஆண்டுக்கு நிலைநிறுத்தும் திட்டம் இருக்கிறது. எனவே 16,000 நான்கு முறை, 64,000. வீட்டிலிருந்து போய்வந்தால் கார், இன்சூரன்ஸ், பெட்ரோல், பார்க்கிங், மதியச் சாப்பாடு என்று ஆண்டுக்கு 6,000 வைக்கலாம். மொத்தம் 88,000. வளாகத்திலேயே தங்கினால் 130,000-ஐ ஒட்டி வரும். ஆஸ்டினும் கிட்டத்தட்ட அதே அளவு, சற்று மேலே. ஆக வீட்டிலிருந்து போய்வரும் படிப்புக்கும் கெல்லிக்கும் உள்ள இடைவெளி 131,000 டாலர்.

“ஒரு வருடம் அங்கேயே இருந்தால் இண்டியானா ரெசிடென்ட் ஆகி இன்-ஸ்டேட் டியூஷன் கிடைக்காதா?” என்ற கேள்வி எப்போதும் வரும். கிடைக்காது என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். படிப்பதற்காக அந்த மாநிலத்துக்கு வந்து, பெற்றோர் பணத்தில் வாழும் மாணவருக்குப் பெற்றோரின் மாநிலம்தான் சொந்த மாநிலம். அபார்ட்மென்ட் எடுப்பதாலோ, டிரைவிங் லைசென்ஸை மாற்றுவதாலோ இது மாறாது.

இப்போது உதவிக் கடிதம். கல்லூரி அனுப்பிய அந்த ஒரு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்து, வரிவரியாகப் பென்சிலால் பிரித்துப் பாருங்கள். மேலே உதவித்தொகை 8,000 இருக்கும். அது திருப்பிக் கட்ட வேண்டாத பணம். அதற்குக் கீழே ‘டைரக்ட் அன்சப்சிடைஸ்டு லோன்’ 5,500 என்று இருக்கும். அது மகள் பெயரில் கடன். அதற்கும் கீழே சில கடிதங்களில் ‘பேரன்ட் பிளஸ்’ (பெற்றோர் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடன்) என்று ஒரு பெரிய தொகை போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தச் செலவிலிருந்து கழித்து, கடைசி வரியில் ‘நீங்கள் கட்ட வேண்டியது’ என்று ஒரு சின்ன எண்ணைக் காட்டியிருப்பார்கள். அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். கடனைக் கழித்து வரும் தொகை விலை ஆகாது. மொத்தச் செலவிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை மட்டும் கழித்தால் வருவதுதான் விலை. அதோடு, உதவித்தொகை அடுத்த ஆண்டும் தொடர எத்தனை ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும், குறைந்தால் எச்சரிக்கை செமஸ்டர் தருவார்களா, உடனே நிறுத்திவிடுவார்களா என்பதையும் அதே கடிதத்தில் தேடுங்கள். பிசினஸ் ஸ்கூல்களில் அடிப்படைப் பாடங்களுக்கு வகுப்புச் சராசரியை வைத்து கிரேடு போடுவது வழக்கம். ஹைஸ்கூலில் எல்லாவற்றிலும் ஏ வாங்கிய பிள்ளை முதல் ஆண்டில் பி வாங்குவது அங்கே சாதாரணம்.

கடனுக்கு வருவோம். இங்கே 2026 ஜூலை 1 முதல் விதியே மாறுகிறது. பழைய ஆலோசனைகளைப் படித்துவிட்டு இறங்கினால் கையைக் கடிக்கும். மகள் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் 7,500 வீதம். மொத்தம் 27,000. இது பழையபடியேதான். வருமானம் எவ்வளவு இருந்தாலும் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு உதவி விண்ணப்பம் போட்டால் கிடைக்கும். பெற்றோர் பெயரில் வாங்கும் பிளஸ் கடனுக்கு முன்பு கல்லூரிச் செலவு முழுவதையும் எடுக்க அனுமதி இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. புதிய பிளஸ் கடனுக்கு வருமானத்தைப் பொறுத்துத் தவணை குறையும் வசதியும் கிடையாது. நிலையான தவணை மட்டும்தான். 2025-26-இல் இதன் வட்டி 8.94 சதவீதம். கொடுக்கும்போதே 4.228 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 20,000 எடுத்தால் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது 19,150-தான், வட்டி மட்டும் 20,000-க்கு ஓடும்.

உங்கள் எண்களை இதில் பொருத்திப் பார்ப்போம். 219,000-இல் 529 கணக்கு 90,000 போகும். மாதம் 1,000 வீதம் 48 மாதத்துக்கு 48,000 போகும். மகளின் கடன் 27,000 போகும். மிச்சம் 54,000. கட்டணத்தையும் சேர்த்தால் பிளஸ் கடனாக 56,400 எடுக்க வேண்டும். இந்த அளவுக் கடனுக்குப் புதிய விதியில் தவணைக்காலம் 20 ஆண்டு. 8.94 சதவீதத்தில் மாதம் 505 டாலர், கட்டி முடிக்கும்போது 121,000-க்கு மேல். முன்கூட்டி அடைக்கத் தடையில்லை. பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதம் 713. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. மகளின் 27,000 கடனுக்குத் தனியாக 6.39 சதவீதத்தில், 15 ஆண்டுத் தவணையில் மாதம் 234 வரும். இந்தத் தவணைகள் எப்போது தொடங்கும் என்று காலண்டரைப் பாருங்கள். மகள் 2030 மே மாதம் பட்டம் வாங்குவாள். எட்டாம் வகுப்பில் இருக்கும் மகன் 2030 ஆகஸ்டில் கல்லூரி சேர்வான். 529 காலியாக இருக்கும். பிளஸ் தவணையும் மகனின் முதல் செமஸ்டர் பில்லும் ஒரே ஆண்டில் வாசலில் வந்து நிற்கும். ஒரு பிள்ளையின் கணக்கை மட்டும் தனியாகப் போட்டால் இது கண்ணில் படாது. எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ.வில் முன்பு இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் பெற்றோர் பங்கைப் பிரித்துக் காட்டும் வழி இருந்தது. 2024-25 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அதே பணத்தை யூ.டி. டாலஸில் வைத்துப் பாருங்கள். டியூஷன் 64,000-ஐ 529-லிருந்து கொடுக்கலாம். கார், பெட்ரோல் செலவுக்கு 529 பணத்தை எடுக்கக்கூடாது. போக்குவரத்து அதில் தகுதியான செலவு இல்லை, எடுத்தால் வளர்ச்சிப் பகுதிக்கு வரியும் 10 சதவீத அபராதமும் வரும். எனவே அந்த மாதம் 500-ஐச் சம்பளத்திலிருந்து கொடுங்கள். நான்கு ஆண்டு முடிவில் 529-இல் 26,000 மிச்சம் இருக்கும், சம்பளத்தில் ஒதுக்கியதில் 24,000 மிச்சம் இருக்கும், கடன் என்று ஒன்று இருக்காது. 529 மிச்சத்தை மகன் பெயருக்கு மாற்றலாம். கணக்குத் தொடங்கி 15 ஆண்டு ஆகியிருந்தால் மகளின் ராத் ஐ.ஆர்.ஏ.வுக்கு (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) ஆண்டு வரம்புக்கு உட்பட்டு, மொத்தம் 35,000 வரை மாற்றவும் 2024 முதல் வழி இருக்கிறது.

இடையில் ஒரு சின்ன விஷயம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இது பொருந்தும். அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி வரிச்சலுகை ஆண்டுக்கு 2,500 டாலர் வரை, நான்கு ஆண்டுக்குக் கிடைக்கும். கூட்டு வருமானம் 160,000-க்கு மேல் போனால் குறைய ஆரம்பித்து 180,000-இல் முழுவதும் நின்றுவிடும். 170,000-இல் இருக்கும் உங்களுக்குப் பாதிதான் வரும். சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யில் இன்னும் 10,000 சேர்த்துப் போட்டால் வருமானம் 160,000-க்கு இறங்கி முழுச் சலுகையும் வரும். அந்தச் சலுகைக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் டியூஷனை 529 அல்லாத பணத்திலிருந்து கட்டியிருக்க வேண்டும். ஒரே செலவுக்கு இரண்டு சலுகை எடுக்க முடியாது.

அந்த 131,000 எதை வாங்குகிறது? பிசினஸ் படிப்பில் பாடம் எல்லா நல்ல கல்லூரியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பிசினஸ் ஸ்கூல்களுக்கான ஏ.ஏ.சி.எஸ்.பி. தர அங்கீகாரம் மூன்று பல்கலைக்கழகங்களின் பிசினஸ் ஸ்கூல்களுக்கும் இருக்கிறது. அக்கவுன்டிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பைனான்ஸ் அடிப்படைகள் எல்லாம் ஒத்த பாடத்திட்டம், பல சமயம் ஒத்த பாடநூல். கூடுதல் பணம் வாங்குவது யார் வேலைக்கு ஆள் எடுக்க அந்த வளாகத்துக்கு வருகிறார்கள் என்பதையும், முன்னால் படித்தவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும்தான். இதன் மதிப்பு துறைக்குத் துறை மலைக்கும் மடுவுக்கும் உள்ள அளவு வேறுபடும்.

நியூயார்க் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வங்கிகள் சில கல்லூரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு அங்கே போய் ஆள் எடுக்கின்றன. மூன்றாம் ஆண்டுக் கோடையின் இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டாம் ஆண்டிலேயே, ஓராண்டுக்கும் முன்பாக, விண்ணப்பம் தொடங்கிவிடும். அந்த இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியே வேலையும் கிடைக்கும், மற்றவர்களுக்குக் கதவு அநேகமாக மூடியாகிவிடும். கெல்லியில் இதற்கென்றே இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் ஒர்க்‌ஷாப் என்று ஒன்று நீண்ட காலமாக இருக்கிறது. அதில் இருப்பவர்களுக்கு முன்னால் போனவர்களே பயிற்சி கொடுத்து, உள்ளே பரிந்துரைத்து, கைதூக்கி விடுகிறார்கள். இது உண்மையான மதிப்பு, காசுக்குத் தகும். ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்புக்கே தனித் தேர்வு உண்டு. கெல்லியில் ஓர் ஆண்டு சேரும் கூட்டத்தில் அதற்குள் போகிறவர்கள் ஒரு சிறு பகுதிதான். நீங்கள் 131,000 கொடுத்து வாங்குவது அந்த இடத்தை அல்ல, அந்தப் போட்டியில் நிற்கும் உரிமையை. மேனேஜ்மென்ட் கன்சல்டிங்குக்கும் இதே கதைதான்.

அக்கவுன்டிங் என்றால் முழுக்க வேறு. நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் ஆள் எடுக்கின்றன. டாலஸ் அலுவலகத்தில் சேரும் புதியவருக்குச் சம்பளம் ஊரையும் பிரிவையும் பொறுத்தது, எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. சப்ளை செயின், பிசினஸ் அனலிடிக்ஸ், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், வங்கிகளின் செயல்பாட்டுப் பிரிவு, கார்ப்பரேட் பைனான்ஸ், மார்க்கெட்டிங் எல்லாம் இதே வகை. உங்கள் வீட்டைச் சுற்றியே பாருங்கள். பிளேனோவில் டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகமும் கேபிடல் ஒன் வளாகமும் இருக்கின்றன. ரிச்சர்ட்சனில் ஸ்டேட் ஃபார்ம், வெஸ்ட்லேக்கில் சார்லஸ் ஷ்வாப், டாலஸில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். இந்த நிறுவனங்களில் செமஸ்டர் நடக்கும்போதே வாரம் 15 மணி நேரம் பகுதிநேர இன்டர்ன்ஷிப் செய்ய ரிச்சர்ட்சன் மாணவிக்கு முடியும். ப்ளூமிங்டன் ஒரு சின்னக் கல்லூரி நகரம், அங்கிருந்து அது முடியாது. பட்டம் வாங்கிய பிறகு டாலஸுக்கே திரும்பிவரப் போகிறாள் என்றால், கூடுதல் பணம் வாங்கித் தருவது மிகக் குறைவு என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் சற்றுக் கீழே உள்ள கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய கல்லூரிக்கே போனவர்களுக்குச் சமமாகத்தான் பின்னாளில் சம்பாதித்தார்கள். கல்லூரியைவிட மாணவரின் திறமையும் முனைப்பும் பேசுகின்றன என்பது அதன் சாரம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதலாக உதவியது. 2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் செய்த ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் போல. ஐவி வரிசைக் கல்லூரிகள் மாணவரின் சராசரி வருமானத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை, ஆனால் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பைக் கூட்டின. இரண்டும் நான் மேலே சொன்னதோடு பொருந்துகின்றன. ஆனாலும் இரண்டும் கெல்லியையும் யூ.டி. டாலஸையும் ஒப்பிட்டவை அல்ல. இவற்றை அப்படியே உங்கள் மகள் மேல் பொருத்தக்கூடாது, திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் சராசரிச் சம்பளத்தை விட்டுவிட்டு அடிக்குறிப்புக்குப் போங்கள். எத்தனை சதவீத மாணவர்களைப் பற்றிக் கல்லூரிக்குத் தகவலே தெரியும், அதில் எத்தனை பேர் சம்பளத்தைச் சொன்னார்கள் என்று இருக்கும். வேலை கிடைக்காதவர் பெரும்பாலும் படிவத்தை நிரப்புவதில்லை. பிறகு சராசரியை விட்டு நடு எண்ணை (மீடியன்) பாருங்கள். பேங்கிங் போன இருபது பேர் சராசரியைத் தூக்கிவிடுவார்கள். அடுத்து மேஜர் (முதன்மைப் பாடம்) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பைனான்ஸுக்கும் மார்க்கெட்டிங்குக்கும் ஒரே கல்லூரிக்குள் இருக்கும் இடைவெளி, பல சமயம் இரண்டு கல்லூரிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைவிடப் பெரிது. கடைசியாக ஊர். நியூயார்க்கில் வாங்கும் சம்பளத்தை டாலஸ் சம்பளத்தோடு நேராக ஒப்பிட முடியாது, அங்கே வாடகையும் மாநில, நகர வருமான வரியும் உண்டு, டெக்சஸில் மாநில வருமான வரியே இல்லை. கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்திலும் பல்கலைக்கழகம், மேஜர் வாரியாகச் சம்பளம் பார்க்கலாம். அது கல்லூரி சொல்லும் கணக்கு அல்ல என்பதால் நம்பகம் கூடுதல். ஆனால் மத்திய அரசு உதவி அல்லது கடன் வாங்கிய மாணவர்கள் மட்டுமே அதில் வருவார்கள்.

ஆஸ்டின் பற்றி நீங்கள் கேட்டது குறைவு, நான் சொல்ல நினைப்பது கொஞ்சம் அதிகம். டெக்சஸ் ஹைஸ்கூலில் தன் வகுப்பின் முதல் 5 சதவீதத்தில் வந்தால், மாநிலச் சட்டப்படி 2026 ஃபாலுக்கு யூ.டி. ஆஸ்டினில் இடம் நிச்சயம். ஆனால் அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்துக்குள் விடுமே தவிர மெக்கோம்ப்ஸுக்குள் விடாது. அதனால்தான் எகனாமிக்ஸ் கொடுத்திருக்கிறார்கள். “முதலில் சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு மெக்கோம்ப்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்” என்று பலர் எண்ணிப் போகிறார்கள். உள்மாற்றத்துக்குக் கடும் போட்டி. அதை நம்பிச் சேரக்கூடாது. எகனாமிக்ஸ் பட்டமே வந்தாலும் சரி என்று மனம் ஒத்துக்கொண்டால் மட்டும் சேருங்கள். அப்படி ஒத்துக்கொண்டால் அது நல்ல இடம். எகனாமிக்ஸோடு பிசினஸ் மைனர், கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கோடிங் என்று சேர்த்துக்கொள்ளும் மாணவிக்கு நிறுவனங்கள் கதவைச் சாத்துவதில்லை. முன்னாள் மாணவர் வட்டம் டெக்சஸ் முழுக்க உண்டு. அவள் வீட்டை விட்டு வெளியே போய் வாழ வேண்டும் என்று விரும்பினால், கெல்லியைவிட 80,000-க்கும் மேல் குறைவாக அந்த அனுபவம் இங்கே கிடைக்கிறது.

இன்னும் மலிவான வழி, உள்ளூர்ச் சமூகக் கல்லூரியான காலின் காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறுவது. மாவட்டவாசிகளுக்கு ஒரு கிரெடிட் 100 டாலருக்கும் குறைவு. டெக்சஸில் 42 கிரெடிட் பொதுப்பாடத் தொகுப்பை முடித்தால் மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்க வேண்டும். பணத்தளவில் இதை வெல்ல வழியில்லை. ஆனால் பிசினஸ் மாணவிக்கு இதில் இரண்டு சிக்கல். புதிதாகச் சேரும் மாணவருக்கான மெரிட் உதவித்தொகைகள் மாறிவருபவருக்கு அநேகமாகக் கிடையாது. மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் புது வளாகத்துக்குள் நுழையும்போதே அடுத்த கோடை இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணல்கள் நடந்துகொண்டிருக்கும். அங்கே கிளப்பிலும் ஆளில்லை, பேராசிரியரும் தெரியாது, ஜி.பி.ஏ.வும் பூஜ்யத்திலிருந்து. உங்கள் கையில் 90,000 இருக்கும்போது இந்த வழி தேவையில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பதில், ஹைஸ்கூலிலேயே எழுதிக் கல்லூரி கிரெடிட் வாங்கும் ஏ.பி. தேர்வுகளை முழுதாகப் பயன்படுத்துங்கள். 30 கிரெடிட் அளவுக்கு வந்துவிட்டால் ஒரு செமஸ்டரோ ஓர் ஆண்டோ முன்னால் முடிக்கலாம். மிச்சப்படும் பணம் பல உதவித்தொகைகளைவிடப் பெரிது.

வெளிமாநிலம்தான் வேண்டும் என்றால் கெல்லி ஒன்றே வழியில்லை. பக்கத்து ஆர்க்கன்சாவில் ஃபயட்வில் வளாகம், டெக்சஸ் உள்ளிட்ட அண்டை மாநில மாணவர்களில் தகுதி மதிப்பெண் உள்ளவர்களுக்கு வெளிமாநிலக் கூடுதல் டியூஷனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்கிறது. அங்கே வால்டன் பிசினஸ் ஸ்கூல் சப்ளை செயினுக்குப் பெயர் பெற்றது, வால்மார்ட் தலைமையகம் பென்டன்வில்லில் பக்கத்திலேயே இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகம் ஜி.பி.ஏ.வும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் இவ்வளவு இருந்தால் இவ்வளவு தருவோம் என்று அட்டவணையாகவே வெளியிடுகிறது. உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு நேரம் கடந்திருக்கலாம். மகனுக்கு இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவர், பிள்ளைகளுக்கான விசா) குடும்பங்களுக்கு மேலே சொன்ன கடன் கணக்கு எதுவும் பொருந்தாது. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசுக் கடனும் உதவியும் கிடையாது, வேலை அனுமதியும் கிடையாது. எச்-4 ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை துணைவருக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்கு இல்லை. ஆக, மேலே நான் அவ்வளவு சொன்ன அந்தச் சம்பளத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப்பையே அந்தப் பிள்ளை செய்ய முடியாது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால்தான் படிக்கும்போது வேலை செய்ய சி.பி.டி., பட்டத்துக்குப் பிறகு வேலை செய்ய ஓ.பி.டி. என்ற அனுமதிகள் வரும். 21 வயதில் எப்படியும் மாற வேண்டியிருக்கும். மாறும்போது இன்-ஸ்டேட் டியூஷன் என்ன ஆகும் என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், குடியேற்ற வழக்கறிஞரையும் பாருங்கள். மேஜர் தேர்விலும் கவனம் வேண்டும். பிசினஸ் அனலிடிக்ஸ் போன்ற சில பிசினஸ் பட்டங்கள் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வருகின்றன. அவற்றுக்கு 12 மாத ஓ.பி.டி.யோடு இன்னும் 24 மாதம் கிடைக்கும், சாதாரண மார்க்கெட்டிங் பட்டத்துக்குக் கிடைக்காது.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது இது. பைனான்ஸா மார்க்கெட்டிங்கா என்று இன்னும் தெரியாத 17 வயதுப் பெண்ணுக்காக 83,000 டாலர் கடன் வாங்கி 529-ஐயும் காலி செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். நியூயார்க் பேங்கிங்தான் வேண்டும், அதற்காக முதல் செமஸ்டரிலிருந்தே ஓடத் தயார் என்று அவளே தெளிவாகச் சொன்னால், அல்லது கெல்லி உதவித்தொகையை 25,000 அளவுக்கு உயர்த்தினால், என் பதில் மாறும். இல்லாவிட்டால் ஜிண்டால். ஆனால் வீட்டிலிருந்தே நான்கு ஆண்டும் போய்வர வைக்காதீர்கள். மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து முதல் ஆண்டாவது வளாகத்தில் தங்க விடுங்கள். வகுப்பு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைக்கு மாலையில் நடக்கும் கிளப் கூட்டமும், நிறுவனங்கள் வந்து பேசும் நிகழ்ச்சியும் கிடைக்காமல் போகும். பக்கத்துக் கல்லூரியில் படிப்பவர்கள் பின்தங்குவது பெரும்பாலும் இதனால்தான், பாடத்தால் அல்ல. இன்னொன்றையும் யோசியுங்கள். இவள் பின்னால் எம்.பி.ஏ. படிக்க விரும்பலாம். முன்னணி எம்.பி.ஏ.க்களில் டியூஷன் மட்டுமே ஆண்டுக்கு 80,000-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக் கடன் இல்லை, எம்.பி.ஏ.வுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500-தான். அப்போது ரெஸ்யூமேயில் முன்னால் நிற்பது எம்.பி.ஏ. கல்லூரியின் பெயர், இளங்கலைக் கல்லூரியின் பெயர் பின்னால் போய்விடும்.

மே 1-க்கு முன் செய்ய வேண்டியது மூன்று. கெல்லிக்கு உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மகளே ஒரு கடிதம் எழுதட்டும். ஒரு பக்கம் போதும், யூ.டி. டாலஸ் விலையையும் புதிய மதிப்பெண்களையும் குறிப்பிட்டு, எவ்வளவு கிடைத்தால் வர முடியும் என்று ஓர் எண்ணைச் சொல்லட்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரிதாக இறங்கிவருவது அரிது, ஆனாலும் கேட்பதால் கொடுத்த இடத்தைப் பறிக்க மாட்டார்கள். இரண்டாவது, இரண்டு கல்லூரிகளின் கேரியர் அலுவலகங்களுக்கும் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்: “கடந்த ஆண்டு பைனான்ஸ் மேஜர் மாணவர்களில் எத்தனை பேர் டாலஸில் வேலைக்குச் சேர்ந்தார்கள், எந்தெந்த நிறுவனங்களில்?” பெயரும் எண்ணும் கொண்ட பதில் எங்கிருந்து வருகிறது, வழவழா பதில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூன்றாவது, உங்கள் மருத்துவக் காப்பீடு எச்.எம்.ஓ. (குறிப்பிட்ட வட்டார மருத்துவர்களிடம் மட்டும் செல்லுபடியாகும்) வகையா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். அப்படியிருந்தால் இண்டியானாவில் அவசரச் சிகிச்சை தவிர வேறெதற்கும் அது உதவாமல் போகலாம். அங்கே தனியாக எடுக்க வேண்டிவந்தால் அந்தத் தொகையையும் 219,000-இல் கூட்டிக்கொள்ளுங்கள்.